இன்மை எண்

மார்ச் மாதப் பட்டியலில் செல்வமாரிக்கு நாற்பத்தொன்று. எனக்கு இரண்டு.

பட்டியல் வந்ததும் எங்கள் சாயப்பட்டறை லேபில் எல்லோருடைய கைபேசியும் ஒன்றாக அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை. பிப்பெட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய பிப்பெட்டையே மறுபடி கழுவும்போது கீழே மெஷின் ஓடும் தளத்தில் கைதட்டல் கேட்டது.

"மாரியக்காவுக்கு நாப்பத்தொண்ணாமா!" என்று யாரோ கத்தினார்கள்.

பிறகுதான் பார்த்தேன். கோகிலவாணி, எம்.எஸ்ஸி. வேதியியல், லேப் பொறுப்பாளர். இன்மை எண்: 2.

அன்று மாலை அம்மா காங்கேயத்திலிருந்து கூப்பிட்டாள்.

"கண்ணு, உன்னையப் பொண்ணு கேட்ட பல்லடத்துக்காரங்க உன்ற எண்ணு கேக்கறாங்க. என்னன்னு சொல்ல?"

"இப்ப எதுக்குங்ம்மா அது?"

"முன்னெல்லாம் சம்பளம் கேட்டாங்க. இப்ப எண்ணு கேக்கறாங்க. அதென்ன, பரீட்சை மார்க்காட்டமா?"

"இல்லீங்ம்மா. நான் இந்தத் திருப்பூர்லயே இல்லீன்னு வெச்சுக்கங்க. அப்ப ஊரு வருசத்துக்கு எத்தன டன் கார்பன் கூடுதலா வெளிய விடும்? அதுதான் எண்ணு. ஒவ்வொருத்தரா எடுத்துட்டு எடுத்துட்டுக் கணக்குப் போட்டுப் பாப்பாங்க."

"உன்னைய எடுத்துட்டா?"

"ரெண்டு."



"நம்ம மாவு மில்லுக்காரரு பையனுக்கு ஏழாமா," என்றாள்.

"அவன் மில்லு நல்லா ஓட்டறானாட்ட இருக்குதுங்."

"நான் ஒண்ணும் சொல்லலியே," என்றாள் அம்மா.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு சாயப்பட்டறைகளின் புகைபோக்கிகளை எல்லாம் இறக்கிவிட்டு, ஊர் முழுவதற்கும் ஒரே நீராவிக் குழாய் போட்டார்கள். எந்தப் பட்டறைக்கு எத்தனை மணி நேரம் நீராவி என்பதை மாநகராட்சியின் இணைப்பகம் என்ற அலுவலகம் முடிவு செய்யும். ஒரு கிலோ துணிக்குக் குறைவாகக் கார்பன் விடுகிறவர்களுக்குக் கூடுதல் நேரம். கல்லூரி ஆய்வகங்களில் கண்டுபிடிப்பதை, அது தேவைப்படும் பட்டறையோடும், அதைச் செய்யத் தெரிந்த ஆளோடும் சேர்த்துவைப்பதும் இணைப்பகத்தின் வேலை. முதலில் பட்டறைகளுக்கு மட்டும்தான் மதிப்பெண் இருந்தது. பிறகு ஆட்களுக்கும் வந்தது.

செல்வமாரி எட்டாம் வகுப்பு. விளாத்திகுளம் பக்கம். மிளகாய்க் களத்தில் காய் பொறுக்கி வளர்ந்தவள். திருப்பூருக்கு வந்து நான்கு ஆண்டு ஆகிறது.

அவளிடம் இருந்தது கண். எங்கள் வேலையில் பெரிய செலவு, காத்திருப்பது. சாயம் ஏறியதும் மெஷினிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்து, பிழிந்து, இஸ்திரி போட்டு, சூடு ஆறவைத்து, துணி வாங்கும் பையர் கொடுத்த மாதிரியோடு பெட்டி விளக்கின் அடியில் ஒப்பிட வேண்டும். அதுவரை மெஷின் வெந்நீரைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். ஷேடு, அதாவது நிறச்சாயல், தப்பினால் மெஷினில் இருக்கும் லாட் துணி முழுவதற்கும் மறுபடி சாயம். செல்வமாரிக்கு இஸ்திரியும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். சொட்டச்சொட்ட எடுத்த துண்டைப் பார்த்துவிட்டு, "செவப்பு ஒரு பொட்டுக் கம்மி. போட்டு விடு," என்பாள். தப்பியதே இல்லை. காத்திருப்பு இல்லை, மறுசாயம் இல்லை. அதனால் நாற்பத்தொரு டன்.

அவள் மேல் எனக்கு என்ன கோபம் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. என்னோடு நன்றாகத்தான் பேசுவாள். என்னை "மேடம்" என்று கூப்பிட்டுவிட்டு, அந்தச் சொல்லுக்கே ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அவள் தளத்துக்கு வந்தால் மெஷின்காரர்கள் நிமிர்ந்து நிற்பார்கள். நான் வந்தால், "மேடம், ஓரமா நில்லுங்க, தண்ணி தெறிக்கும்," என்பார்கள்.

லீவில்கூட எனக்குப் பொறாமை இருந்தது. எண் முப்பதைத் தாண்டியவர்கள் ஊரைவிட்டுப் போக இணைப்பகத்தின் அனுமதி வேண்டும். இரண்டு நாள்தான் கொடுப்பார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் விளாத்திகுளத்துக்கே மாநகராட்சிக் கார் போய் அவளை அழைத்துவரும். நான் பத்து நாள் கேட்டால், முதலாளி சென்னியப்பன் எதிரில் இருக்கும் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, "போயிட்டு வா அம்மிணி," என்பார்.

அவர்தான் அந்த ஏப்ரலில் எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஊருக்கெல்லாம் சேத்து ஒரே ஷேடு லேபு கட்டறாங்களாமா. நிறக்கூடம்னு பேரு. தலைமைக்கு ஆள செப்டம்பர் பட்டியலப் பாத்து எடுப்பாங்களாம். மாரி, உனக்குத்தான் வரும் போ. இந்தப் பட்டறைக்கே பெரும."

"எட்டாப்புப் படிச்சவளுக்கு எங்கன மொதலாளி குடுப்பாக?" என்றாள் செல்வமாரி.

"படிப்ப யாரு கேக்கறா? எண்ணத்தான பாக்கறாங்க."

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வேலைக்குத்தான் நான் ஐந்து ஆண்டு படித்தேன் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. 

என் எண் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்க மறுநாள் இணைப்பகத்துக்குப் போனேன். என்னைப்போல் பலர் வரிசையில் இருந்தார்கள். ரங்கதுரை என்ற இளைஞர் என் கோப்பைத் திறந்தார்.

"சாயத்துக்கு அப்பறம் வர்ற சோப்புக் கழுவலத் தொண்ணூத்தஞ்சு டிகிரில இருந்து அறுபதுக்குக் கொண்டு வந்தது நீங்கதானுங்க?" என்று எழுந்தே நின்றுவிட்டார். "நூத்திப் பன்னெண்டு பட்டறைல அதுதானுங்க ஓடுது. வருசத்துக்கு ஒம்பதாயிரம் டன் மிச்சமுங்க."

"அப்பறம் ஏனுங்க எனக்கு ரெண்டு?"

அவர் உட்கார்ந்தார். பேனா மூடியைத் திருகினார்.

"நீங்க நாளைக்கு இல்லீன்னாலும் அந்த முறை இருக்குமுங்களே. பதினாலு பக்கம் எழுதி, எல்லாப் பட்டறையும் எடுத்துப் படிக்கற பொதுத் தொகுப்புல போட்டுட்டீங்க. படிச்சுப் பாத்தேனுங்க. எனக்கே புரிஞ்சுது. அவ்வளவு நல்லா எழுதியிருக்கீங்க. அதனால நீங்க இல்லாமப் போனாலும் ஊருக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

"எழுதாம இருந்திருந்தா?"

அவர் வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப எல்லாரும் அதத்தானுங்க பண்றாங்க. மொதல் ரெண்டு வருசம் இணைச்சோம், ஊரோட கார்பன் சரசரன்னு எறங்குச்சு. ஆளாளுக்கு எண்ணு குடுத்தோம். மூணு வருசமா ஒரே எடத்துல நிக்குது. தொகுப்புல புதுசா ஒருத்தரும் ஒரு வரி போடறதில்லீங்க."

"எண்ண எடுத்துற வேண்டீதுதானுங்க?"

"யாரு எடுப்பாங்க? எடுக்கச் சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் எண்ணு அறுவது, எழுவது இருக்குதுங்க."

வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. வந்தபோது சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க முடியாது. எழுதியதால் என் எண் போனது. அப்படியென்றால் செல்வமாரியின் கண்ணையும் எழுதிவிடலாம். அவளிடம் கற்றுக்கொண்டு, அளந்து, அட்டவணை போட்டுத் தொகுப்பில் ஏற்றினால், நாற்பத்தொன்று ஒரே பட்டியலில் கரைந்துபோகும். ஊருக்கு நல்லது செய்ததாகவும் இருக்கும். ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த நாள் சாப்பாட்டு வேளையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதற்குமுன் ஒருமுறைகூட அப்படி உட்கார்ந்ததில்லை.

"அக்கா, ஈரத்துல ஷேடு பாக்கறத எனக்கும் சொல்லித் தருவீங்களா?"

அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தாள்.

"எதுக்கு?"

"சும்மா... தெரிஞ்சுக்கலாம்னு."

"சும்மாவா!" என்று சிரித்தாள். "சரி, வா பிள்ள. நாளைக்கே வா."

அன்றோடு மேடம் போய், பிள்ளை ஆனேன்.

சொல்லித்தர அவள் ஒரு நாளும் தயங்கவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. மறைத்திருந்தால் திருடிக்கொள்ளலாம், திறந்து வைத்தால் என்ன செய்வது? ஈரத் துண்டை மூன்று முறுக்கு முறுக்கி, ஆள்காட்டி விரல் முட்டியில் இழுத்துப் போர்த்தி, மூன்று முறை ஊதச் சொன்னாள்.

"இப்ப எங்க பாக்க?"

"நடுவுல."

"நடுவுல பாக்காத. நடு பொய் சொல்லும். ஓரத்தப் பாரு. ஊதுன எடம் காயுதுல்ல, ஈரமும் காய்ஞ்சதும் சேருத எடத்துல மெலிசா ஒரு நெறம் வரும் பாரு. அதுதாம் நாளைக்கு வரப்போற நெறம். எங்கூர்ல மொளகாய்ப் பழம் பாதி காஞ்சிருக்கையிலயே காம்போரத்தப் பாத்து, எந்த வத்தல் செவப்பா நிக்கும், எது வெளுக்கும்னு பிரிப்போம். அதே பார்வதாம்."

"துணில தண்ணி இருந்தா வெளிச்சம் செதறாம உள்ள போயிருமுங்க்கா. அதனால இருட்டாத் தெரியும்," என்றேன். என் பங்குக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"அதத்தான நானும் சொல்லுதேன், நடு பொய் சொல்லும்னு."

அவள் எகத்தாளமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் சொன்னாள். இரண்டும் ஒன்றுதான். அதைப் படிக்க எனக்கு ஐந்து ஆண்டு ஆனது.

நான் விரல் முட்டிக்கு மேலே ஒரு சின்னக் கேமராவைப் பொருத்தினேன். மூன்றாவது ஊதலில் ஓரத்து நிறம், பிறகு காய்ந்த துணியின் நிறம். நாற்பது நாளில் தொள்ளாயிரம் துண்டுகள். ஊதுவதற்குப் பதில் ஒரு சிறு விசிறி வைத்தாலும் அதே விடைதான் வந்தது. நேவி, மெரூன், காக்கி, பாட்டில் கிரீன் எல்லாம் அட்டவணைக்குள் அடங்கின. அந்த நாட்களில் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். ஒவ்வொரு நிறம் அடங்கும்போதும் அவளிடமிருந்து ஒரு டன் உருவியதாக மனத்தில் கழித்துக்கொண்டேன்.

டர்க்கைஸ் நீலம் மட்டும் அடங்கவில்லை. அந்தச் சாயம் சூட்டுக்கு நிறம் மாறும். ஒரே துண்டு ஒவ்வொரு ஊதலுக்கும் வேறு விடை சொன்னது. செல்வமாரியிடம் கேட்டேன்.

"அதுக்கு மூஞ்சி வேணும்," என்றாள். துண்டைப் பிழிந்து கன்னத்தில் ஒட்டிக்கொண்டாள். "மொதல்ல சுடும். பொறவு குளுரும். ரெண்டுக்கும் நடுவுல துணி இருக்கதே தெரியாம ஒரு நிமிசம் போகும். அப்போ எடுத்து ஊது. முந்துனாலும் போச்சு, பிந்துனாலும் போச்சு."

"கன்னம் நீலமாயிருமுங்க்கா."

"ஆவட்டும். நம்மள யாரு பொண்ணு பாக்க வாரா? உனக்கு வாராகளோ?"

"ரெண்டுங்கற எண்ணக் கேட்டுட்டுப் போனவங்கதான், திரும்பக் கூப்பிடவே இல்லீங்க்கா."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவளோடு சிரித்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது.

கன்னத்தின் சூடு ஒரு நிலையான வெப்பநிலை. அவ்வளவுதான் சூட்சுமம். எழுதினால் ஒரு பக்கம். மே மாதக் கடைசியில் அவள் இரண்டு நாள் ஊருக்குப் போனபோது இரண்டு டர்க்கைஸ் லாட்டுகளை நானே கன்னத்தில் ஒட்டிப் பார்த்து அனுப்பினேன். இரண்டும் முதல் தடவையிலேயே சரியாக வந்தன. மெஷின்காரர் ஒருவர் முதன்முதலாக எனக்கு நிமிர்ந்து நின்றார்.

அன்று அட்டவணையைத் தொகுப்பில் ஏற்ற உட்கார்ந்தேன். இருபத்தேழு பக்கம். கடைசிப் பக்கம் டர்க்கைஸ். நிமிர்ந்து நின்ற அந்த ஆள் நினைவுக்கு வந்தார். கடைசிப் பக்கத்தைத் தனியாகப் பிரித்து என் மேசைக் கணினியில் வைத்துக்கொண்டேன். இருபத்தாறு பக்கத்தை ஏற்றினேன். என் வாழ்நாளில் தெரிந்த ஒன்றை எழுதிவிட்டுக் கொடுக்காமல் வைத்தது அதுதான் முதல் முறை.

ஜூன் பட்டியல் வந்தது. செல்வமாரிக்கு நான்கு. எனக்கு மூன்று.

அவளுடைய எண்ணைப் பார்த்து ஒரு மூச்சு நேரம் மனம் குளிர்ந்தது. பிறகு என் எண்ணைப் பார்த்தேன். ரங்கதுரையைக் கூப்பிட்டேன்.

"டர்க்கைஸ் எனக்குத் தெரியுமுங்களே. அத எழுதக்கூட இல்லீங்களே."

"மே மாசம் நீங்க ரெண்டு லாட் பாத்தது மெஷின் பதிவுல இருக்குதுங்க. அவங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். உங்கள எடுத்துட்டுப் பாத்தா அவங்க இருக்காங்க. அவங்கள எடுத்துட்டுப் பாத்தா நீங்க இருக்கீங்க. ரெண்டு பேருக்குமே எண்ணு வராதுங்க." பிறகு உற்சாகமாகச் சொன்னார்: "ஆனா உங்க அட்டவணைனால இந்த மாசம் ஊரு எறங்கியிருக்குதுங்க மேடம். மூணு வருசத்துல மொத தடவ. ஆபீஸ்ல லட்டு குடுத்தாங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கதவருகே செல்வமாரி நின்றாள். கண் சிவந்திருந்தது. அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"நாலு!" என்றாள். "பிள்ள, நாலு!"

ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் உடம்பெல்லாம் சோடா உப்பு வாடை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"வேலைய விட்டுட்டு ஊருக்குப் போக ரிலீவிங் ஆர்டருக்கு எழுதிக் குடுத்துட்டேன். மாத்து ஆளு இல்லன்னு இணைப்பகத்துக்காரன் ரெண்டு வருசமாத் தள்ளித்தள்ளி விட்டான். இப்ப தள்ள முடியாதுல்லா? எம் மக ரெண்டாப்பு வந்துட்டா. பள்ளிக்கூடத்துல அம்மா எங்கன்னு கேட்டா கார்ல போறவன்னு சொல்லுதாளாம்."

எனக்கு எதுவும் விளங்கவில்லை. "போகணும்னா வேலையத் தப்புத்தப்பாப் பாத்திருக்கலாமே அக்கா. எண்ணு தானா எறங்கியிருக்குமே."

"பாத்தேன். ஒருநா மெரூன வேணும்னே விட்டுரலாம்னு நின்னேன். கை வரல. விட்டுட்டு ஓடிப் போனாலும், இந்தப் பட்டறைக்கு நீராவிய வெட்டிருவான். அறுவது பேரு சோத்துல மண்ணு. எவனுக்காவது சொல்லிக் குடுத்துட்டுப் போவோம்னா ஒருத்தனும் வரல. நாலு பேர்ட்டக் கேட்டேன். 'ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரு எண்ணும் போயிரும், எனக்கென்ன கிறுக்கா'ங்கான்." என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "நீதாம் வந்த. வயிறெரிஞ்சு வந்த பிள்ள நீ ஒருத்திதாம்."

என் முகம் சுட்டது.

"தெரியுமா உங்களுக்கு?"

"மூணு வருசமா எம் முதுகுலயே கண்ண வச்சிருந்த. தெரியாமலா இருக்கும்? சும்மா கத்துக்க வந்தவன்னா நாலு நாள்ல ஓடியிருப்பா. நீ நாப்பது நாளு மூச்சுக் கட்டி ஊதுன."

நான் தரையைப் பார்த்தேன். அவள் என் தாடையைத் தொட்டு நிமிர்த்தினாள்.

"அந்த டர்க்கைஸயும் எழுதிப் போட்டுரு. ஒத்தப் பக்கந்தான?"

"எழுதிட்டு இருக்கேனுங்க்கா."

"போட்டுரு. இல்லன்னா உனக்கும் இதே பாடுதாம்."

ஜூலை மாதம் ஒரு காலை அவள் இரண்டு பைகளோடு பேருந்து ஏறினாள். வழியனுப்ப நானும் சென்னியப்பனும் மட்டும் போயிருந்தோம். அவள் எண் நான்கு ஆன பிறகு, வழியனுப்ப வர முடியாத அளவுக்கு மற்றவர்களுக்கு வேலை அதிகமாகிவிட்டது. அவள் ஜன்னலிலிருந்து கைகாட்டியது எனக்குத்தானா முதலாளிக்கா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

செப்டம்பர் பட்டியல்: கோகிலவாணி, முப்பத்தேழு.

ஊரில் டர்க்கைஸ் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். எங்கள் பட்டறையில் ஓடிய நிறங்களில் பாதி அந்த ஆண்டு டர்க்கைஸ். கீழ்த்தளத்தில் கைதட்டினார்கள். சென்னியப்பன் எழுந்து வந்து, "உக்காரு அம்மிணி," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நிறக்கூடத்தின் தலைமைப் பொறுப்புக்கான கடிதம் ஒரு வாரத்தில் வந்தது. அம்மா கூப்பிட்டாள். பல்லடத்துக்காரர்கள் மறுபடி பேசினார்களாம். இந்த முறை நான் அவர்களுக்கு வேண்டாம் என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நிறக்கூடம் கண்ணாடிக் கட்டடம். என் மேசையில் என் பெயர். ரங்கதுரை முதல் வாரமே வந்தார். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

"மேடம், பதினெட்டுப் பட்டறைல டர்க்கைஸ் லாட்டு திரும்பத் திரும்பச் சாயத்துக்குப் போகுதுங்க. வருசத்துக்கு அறநூறு டன் வீணுங்க. உங்க பார்வைய அட்டவணை பண்ண முடியுமான்னு ஆபீஸ்ல கேக்கச் சொன்னாங்க."

"அது எழுத்துல வராதுங்க," என்றேன். "கைப்பழக்கம்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வரிசையில் நின்ற என்னிடம் எழுந்து நின்று பேசியவர் அவர்.

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க," என்று குறித்துக்கொண்டு போனார்.

பிப்ரவரியில் செல்வமாரி கூப்பிட்டாள். பின்னால் காற்றுச் சத்தம். யாரோ ஒரு சிறுமி "யார்ம்மா, யார்ம்மா" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"திருப்பூர் அத்தடி. சும்மா இரு." பிறகு என்னிடம், "பிள்ள, களம் பூராம் பழம் கெடக்கு. ஒரே செவப்பு. நீ பாத்தன்னா பைத்தியம் பிடிச்சிரும். நாலு நாளு வந்துட்டுப் போயேன்."

"வேலை இருக்குதுங்க்கா."

"வேலை எங்க ஓடிரப்போவுது? எண்ணு எம்புட்டு?"

"முப்பத்தொம்பது."



"அப்போ டர்க்கைஸ இன்னும் போடல," என்றாள்.

"போடணுமுங்க்கா."

"ம்." குரலில் கோபம் இல்லை. "என்னைய இப்ப எத்தனைன்னு போட்டிருக்கான்?"

பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஊரைவிட்டுப் போனவர்களின் பெயர்கள் ஓர் ஆண்டுக்குக் கடைசியில் இருக்கும்.

"பூஜ்யமுங்க்கா."

அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பு, அந்தச் சிறுமிக்கும் தொற்றிக்கொண்டது. என்ன என்று தெரியாமலே அதுவும் சிரித்தது. இரண்டு சிரிப்பும் காற்றில் கலந்து எது யாருடையது என்று தெரியாமல் ஆனது. கைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்டேன். நாற்பத்தொன்று என்று கைதட்டியபோது வயிற்றில் எரிந்த அதே இடத்தில், அதே மாதிரி எரிந்தது.

போனை வைத்ததும் லீவு விண்ணப்பத்தைத் திறந்தேன். நான்கு நாள் என்று போட்டேன். ஊர்: விளாத்திகுளம். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமனே விட்டேன். அடுத்த கட்டம்: தங்கள் இன்மையில் மாற்று ஆள் அல்லது மாற்று முறை உண்டா? உண்டு என்றால் இங்கே இணைக்கவும்.

அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எட்டு மாதமாகத் திறக்காத பக்கம். நன்றாக எழுதியிருந்தேன். முப்பத்துநான்கு டிகிரி, மூன்று ஊதல், ஓரத்தின் நிறம். யார் படித்தாலும் புரியும். பதினெட்டுப் பட்டறையும் அடுத்த நாளே செய்துவிடும். நான் நான்கு நாள் அல்ல, நாற்பது நாள் போகலாம். யாரும் கார் அனுப்ப மாட்டார்கள்.

யாரும் கார் அனுப்ப மாட்டார்கள் என்பதில் மனம் நின்றது.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே மூன்று பேர் ஈரத் துண்டுகளோடு எனக்காகக் காத்திருந்தார்கள். நான் நிமிர்ந்ததும் மூவரும் நிமிர்ந்தார்கள். ஒரு நிமிடம் என்று கைகாட்டிவிட்டுப் பக்கத்தை மூடினேன்.

மாற்று என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி அனுப்பினேன்.

விடை உடனே வந்தது. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, தாங்கள் இல்லாமல் நகரம் இயங்க இயலாது என்று இருந்தது. அதை இரண்டு முறை படித்தேன். பிறகு கதவைத் திறந்து முதல் ஆளை உள்ளே வரச் சொன்னேன்.